வாடிக்கையாளர் பேசட்டும், நாம் பதில் சொல்வோம்



வியாபாரம் என்பது சரக்கைக் கொடுத்துப் பணத்தை வாங்குவதோடு முடிந்துவிடும் தொழில் அல்ல. "போன தடவை வாங்கிய பருப்பு நன்றாக வெந்ததா?" என்று நாம் கேட்பதும், "இந்த முறை புளி சரியில்லை அண்ணாச்சி" என்று வாடிக்கையாளர் சொல்வதும் சேர்ந்ததுதான் வியாபாரம். தராசும் கல்லாப்பெட்டியும் எந்தக் கடையிலும் உண்டு. இந்தப் பேச்சு இருக்கும் கடைக்குத்தான் ஆள் திரும்ப வருகிறார்.

நமது சங்கக் கூட்டங்களில் அண்மைக் காலமாக இரண்டு குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. செல்போன் செயலி வழியாக நடக்கும் வியாபாரத்துக்குக் கடிவாளம் போட வேண்டும் என்பது ஒன்று. இணையத்தில் கண்டவர்களும் நம் கடையைப் பற்றிக் கருத்து எழுதுவதைத் தடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் குரலில் நியாயம் இருக்கிறது. வெளியார் முதலீட்டை வைத்துக்கொண்டு அடக்கவிலைக்கும் கீழே விற்பவரோடு, வங்கிக் கடனில் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் போட்டியிட முடியாது. அந்தப் போராட்டம் தொடர்ந்தே ஆக வேண்டும். இரண்டாவது குரலோடு நாம் உடன்படவில்லை. வாடிக்கையாளரின் வாயை எந்தச் சட்டத்தாலும் அடைக்க முடியாது. முடிந்தாலும் அதனால் நமக்கு லாபம் இல்லை, நட்டமே உண்டு. ஏன் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

முகம் தெரியாதவரை மக்கள் நம்பியது எப்படி?

கடை முகவரி தெரியாது. சரக்கைத் தொட்டுப் பார்க்க முடியாது. விற்பவர் எந்த ஊர்க்காரர் என்பதும் தெரியாது. அப்படியிருந்தும் மக்கள் பணம் கட்டிப் பொருள் வாங்குகிறார்கள். தள்ளுபடி மட்டுமே காரணம் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மைதான்.

மீதிப் பாதியை அறிய 1995-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் அமேசான் நிறுவனம் இணையத்தில் புத்தகம் விற்கத் தொடங்கியது. வாங்கிப் படித்தவர்கள் அந்தப் புத்தகத்தைப் பற்றித் தங்கள் கருத்தை அதே பக்கத்தில் எழுதலாம் என்று இடம் கொடுத்தது. புகழ்ந்து எழுதியதை மட்டும் அல்ல, "காசுக்குக் கேடு" என்று எழுதியதையும் அது வெளியிட்டது. விற்கிற பொருளைத் தன் கடையிலேயே குறை சொல்ல விடுவதா என்று அன்று பலரும் வியந்தார்கள். ஆனால் குறையையும் சொல்ல விடும் இடத்தில் சொல்லப்படும் புகழ்ச்சிக்குத்தான் மதிப்பு என்பதை வாங்குவோர் புரிந்துகொண்டார்கள்.

அதே 1995 செப்டம்பரில் பியர் ஓமிடியார் என்பவர் ஓர் ஏல இணையதளத்தைத் தொடங்கினார். பின்னாளில் ஈபே என்று பெயர் பெற்றது அதுதான். அதில் விற்பவரும் தனி ஆள், வாங்குபவரும் தனி ஆள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. பணம் அனுப்பினால் பொருள் வருமா என்ற அச்சம் இயல்பே. 1996-இல் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு வியாபாரம் முடிந்ததும் வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதலாம், அது எல்லோர் கண்ணிலும் படும். நாணயமாக நடந்தவருக்கு நல்ல பெயர் சேர்ந்தது. ஏமாற்றியவரிடம் அடுத்தவர் வாங்க வரவில்லை.

இது நமக்குப் புதிய செய்தியா? கிராமத்துச் சந்தையில் ஒருவர் எடையில் கை வைத்தால் அடுத்த வாரச் சந்தைக்குள் பத்து ஊருக்குத் தெரிந்துவிடும். நல்ல கடை என்றால், புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மாளே கை காட்டுவார். நம் தெருவில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த இந்த வாய்ப்பேச்சைத்தான் அவர்கள் எழுத்தில் வடித்துத் தங்கள் முதலாக ஆக்கிக்கொண்டார்கள்.

பிறகு 2004-இல் முகநூல், 2005-இல் யூடியூப், 2009-இல் வாட்ஸ்அப் என்று வந்தன. செய்தியைப் படிக்க மட்டுமே இருந்த இணையம், ஆளுக்கு ஆள் பேசும் திண்ணையாக மாறிவிட்டது. அந்தத் திண்ணையில் நம் கடையைப் பற்றிய பேச்சு இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நாம் அங்கே இல்லை என்பதுதான் வேறுபாடு.

சிறு கடைக்கே அதிகப் பயன்

"இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு, நமக்கு எதற்கு?" என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது.

அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா என்னும் ஆய்வாளர் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சியாட்டில் நகர உணவகங்களின் வருமானக் கணக்கையும், யெல்ப் என்னும் இணையதளத்தில் அவற்றுக்கு வாடிக்கையாளர்கள் கொடுத்த நட்சத்திரக் குறிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை உயர்ந்தது. அந்த உயர்வு முழுக்க முழுக்கத் தனியார் நடத்தும் தனி உணவகங்களுக்கே கிடைத்தது. ஊர் ஊராகக் கிளை வைத்திருந்த உணவகங்களுக்கு அதனால் மாற்றம் இல்லை.

காரணம் எளியது. பெரிய நிறுவனத்தின் பலகையைப் பார்த்ததுமே அங்கு என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். விளம்பரத்துக்குக் கோடி கோடியாகக் கொட்டி அவர்கள் அந்தப் பெயரை வாங்கியிருக்கிறார்கள். நம் கடையின் தரம் தெருவைத் தாண்டினால் தெரியாது. அந்தத் தரத்தை வெளியூர்க்காரருக்கும் புதிதாகக் குடிவந்தவருக்கும் சொல்ல விளம்பரப் பணம் நம்மிடம் இல்லை. வாங்கிப் பார்த்தவர் எழுதும் நாலு வரி அந்த வேலையைச் செலவில்லாமல் செய்கிறது. உணவகத்துக்குச் சொன்னது மளிகைக்கு அதே அளவில் பொருந்தும் என்று நாம் வாதிட வரவில்லை. ஆனால் பேர் தெரியாத கடைக்கு நற்பெயர் கூடுதல் பலன் தரும் என்ற கணக்கு எல்லாத் தொழிலுக்கும் ஒன்றுதான்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, கூகுள் வரைபடத்தில் நம் கடையை நாமே பதிவு செய்துகொள்ள வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. "பதிவு செய்து தருகிறோம், பணம் கட்டுங்கள்" என்று கூகுள் பெயரைச் சொல்லி யாரேனும் தொலைபேசியில் பேசினால் நம்ப வேண்டாம். கடையின் பெயர், சரியான தொலைபேசி எண், திறக்கும் நேரம், அடைக்கும் நேரம், முகப்பின் புகைப்படம் இவை போதும். தீபாவளி, பொங்கல், சங்கக் கடையடைப்பு நாட்களில் விடுமுறையைக் குறித்துவிட வேண்டும். வெயிலில் நடந்து வந்து பூட்டிய ஷட்டரைப் பார்த்துத் திரும்பியவர் மறுமுறை நம்மைத் தேட மாட்டார்.

இரண்டாவதாக, வாட்ஸ்அப். கடைக்காரர்களுக்கென்றே தனியாக வாட்ஸ்அப் பிசினஸ் என்னும் செயலி 2018 முதல் இருக்கிறது. இதற்கும் கட்டணம் இல்லை. சரக்குகளைப் படத்தோடும் விலையோடும் வரிசையாகப் போட்டு வைக்கலாம். கடை மூடிய நேரத்தில் வரும் செய்திக்குத் தானாகவே பதில் போகும்படி செய்யலாம். வந்த ஆர்டர், பணம் வர வேண்டியது, முடிந்தது என்று அடையாளமிட்டுப் பிரித்து வைக்கலாம். மாதச் சாமான் லிஸ்டை வீட்டு நோட்டில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறவர் இருக்கிறார். எழுத முடியாத வயதானவர் குரலிலேயே சொல்லி அனுப்புவார். இரண்டையும் நாம் ஏற்க வேண்டும்.

இதில் செயலிக்காரரை நாம் வெல்லும் இடம் ஒன்று உண்டு. கேட்ட பொருள் இல்லாதபோது அங்கே "இருப்பு இல்லை" என்ற வரியோடு வியாபாரம் முடிகிறது. நாமோ, "நீங்கள் கேட்ட கம்பெனி மிளகாய்த்தூள் வரவில்லை அம்மா, சம்பா வத்தல் நயமாக வந்திருக்கிறது, அரை கிலோ போடட்டுமா, வீட்டிலேயே அரைத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்கலாம். கேட்காமல் மாற்றிப் போடுவது கூடாது. கேட்டுப் போட்டால் அதுவே புதிய வியாபாரம்.

மூன்றாவதாக, விலை. வெங்காயம், தக்காளி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் விலை நிலையாக இருப்பதில்லை. காலையில் மண்டி விலை தெரிந்ததும் அன்றைய விலையை வாட்ஸ்அப்பில் போடுவது நல்ல பழக்கம். ஆனால் எழுதிப் போட்ட விலை கொடுத்த வாக்குக்குச் சமம். தேதியும் எடையும் சேர்த்தே எழுத வேண்டும். மாலையில் கடைக்கு வருபவரிடம் "அது காலை விலை" என்று இழுத்தால் போட்டதன் பயன் அத்தனையும் போய்விடும்.

நான்காவதாக, கேட்டு இல்லை என்று அனுப்பியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். டெல் என்னும் அமெரிக்கக் கணினி நிறுவனம் 2007 பிப்ரவரியில், "எங்களிடம் என்ன வேண்டும், சொல்லுங்கள்" என்று வாடிக்கையாளர்களுக்கு இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டது. லினக்ஸ் என்னும் மென்பொருளோடு கணினி வேண்டும் என்று பெருந்திரளாகக் கேட்டார்கள். அந்த ஆண்டு மே மாதமே அப்படிப்பட்ட கணினிகள் விற்பனைக்கு வந்தன. நம் அளவில் இது சாமையோ தினையோ, மரச்செக்கு எண்ணெயோ, சிறு குடும்பத்துக்கான நூறு கிராம் பொட்டலமோ ஆக இருக்கலாம். ஒரே பொருளை ஒரே மாதத்தில் ஏழெட்டுப் பேர் கேட்டால், கொள்முதலுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி வேறில்லை.

ஓர் எச்சரிக்கை. வாடிக்கையாளர்கள் அனைவரையும் ஒரே குழுவில் சேர்த்துவிட வேண்டாம். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும். பெண்களுக்கு இதனால் தொல்லை வரும். அதற்குப் பதில், பலருக்கும் தனித்தனியாகச் செய்தி போகும் பிராட்காஸ்ட் முறையைக் கையாளலாம். நம் எண்ணைத் தங்கள் செல்போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். எனவே பில் கொடுக்கும்போதே எண்ணைப் பதிந்துகொள்ளச் சொல்ல வேண்டும். தினம் காலை வணக்கமும் சாமி படமும் அனுப்பினால் அந்தப் பதிவை அழித்துவிடுவார்கள். சொல்லச் செய்தி இருக்கும் நாளில் மட்டும் அனுப்புவது நலம்.

குறை வந்தால் என்ன செய்வது?

நம்மவர்கள் பெரிதும் அஞ்சுவது இதற்குத்தான். "யாரோ ஒருவர் மட்டமாக எழுதிவிட்டால் பெயர் கெட்டுவிடுமே!" குறையால் கெடும் பெயரைவிட, குறைக்குச் சொல்லும் பதிலால் கெடும் பெயரே அதிகம்.

கனடா நாட்டு இசைக் கலைஞர் டேவ் கேரல் 2008-இல் யுனைடெட் விமானத்தில் பயணம் செய்தபோது அவருடைய கிதார் உடைந்தது. பழுது பார்க்க ஆன செலவு 1,200 டாலர். மாதக்கணக்கில் அலைந்தும் அந்த நிறுவனம் பொறுப்பேற்க மறுத்துவிட்டது. 2009 ஜூலையில் அவர் அதையே ஒரு பாட்டாக்கி யூடியூபில் போட்டார். பல லட்சம் பேர் பார்த்தார்கள், உலகப் பத்திரிகைகள் எழுதின. பிறகுதான் நிறுவனம் இறங்கி வந்தது. கிதார் உடைந்தது ஒரு நாள் விபத்து. "எங்கள் பொறுப்பல்ல" என்று மாதக்கணக்கில் சொன்னதுதான் பாட்டாக மாறியது.

நம் கடைக்கு வருவோம். "உளுந்தில் வண்டு இருந்தது" என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "எங்கள் கடையில் அப்படி இருக்காது, வேறு எங்கோ வாங்கியிருப்பீர்கள்" என்று எழுதினால், படிப்பவர் ஒவ்வொருவரும் அந்த வண்டைத் தம் வீட்டு உளுந்திலும் தேடுவார். "நீங்கள் முதலில் பழைய பாக்கியைக் கட்டுங்கள்" என்று எழுதுவது அதைவிடக் கொடுமை. ஒருவரின் கடனை ஊரறியச் சொன்னவரிடம் வேறு யார் கணக்கு வைப்பார்?

"தெரிவித்ததற்கு நன்றி. மாற்று உளுந்து இன்றே வீட்டுக்கு வரும். அந்த மூட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டோம்" என்று எழுதினால் போதும். எழுதியபடி செய்யவும் வேண்டும். அதே மூட்டையில் வாங்கிய மற்றவர்களுக்கு நாமே முந்திக்கொண்டு சொல்லி மாற்றிக் கொடுத்தால், வண்டு வந்த உளுந்து நமக்கு ஐந்தாறு நிரந்தர வாடிக்கையைச் சம்பாதித்துத் தரும். ஒரு கிலோ உளுந்தின் விலைக்கு இவ்வளவு விளம்பரம் எந்தப் பத்திரிகையிலும் கிடைக்காது.

மொத்த வியாபாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. சில்லறைக் கடைக்கு வரும் குறை அங்கேயே நின்றுவிடக் கூடாது. எந்த வண்டியில் வந்த சரக்கு, எந்த மில் என்ற விவரத்தோடு மண்டிக்குப் போக வேண்டும், மண்டியிலிருந்து மில்லுக்குப் போக வேண்டும். படம் எடுத்து அனுப்ப ஒரு நிமிடம் ஆகிறது. மூட்டையைத் திரும்பக் கொண்டுபோகும் வண்டிக்கூலியையும், "உங்கள் கடையில்தான் வண்டு வைத்திருக்கும்" என்ற வாக்குவாதத்தையும் அது தவிர்க்கும். குறையைக் கேட்டு உடனே சரக்கை மாற்றிக் கொடுக்கும் மண்டிக்காரரிடமே கடைக்காரர்கள் கூட்டமாகச் சேர்வார்கள்.

விலைக்கு வாங்கும் நட்சத்திரம்

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். "நூறு பேர் ஐந்து நட்சத்திரம் போடச் செய்கிறோம், இவ்வளவு பணம்" என்று சில தரகர்கள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். அதற்கு இணங்குவது எடைக்கல்லின் அடியைச் சுரண்டுவதற்கு ஒப்பானது என்பதே நம் கருத்து. எடை குறைத்தவர் ஒரு வாடிக்கையாளரை ஏமாற்றுகிறார். பொய்ப் புகழ் வாங்கியவரோ, நேர்மையாக நற்பெயர் சேர்த்த பக்கத்துக் கடைக்காரரின் பிழைப்பையும் சேர்த்துக் கெடுக்கிறார்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. மின்னணு வணிகத் தளத்தில் விற்பவர், வாடிக்கையாளர் போல வேடமிட்டுத் தம் சரக்கைப் பற்றித் தாமே எழுதக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்னணு வணிக விதிகள் கூறுகின்றன. இணையக் கருத்துகளை எப்படித் திரட்டி வெளியிட வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்னும் தரக் குறிப்பையே வெளியிட்டது. தவறான வழியில் இட்டுச் செல்லும் விளம்பரங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. போலிக் கருத்துகளை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதி அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

போட்டிக்காரர் பொய்யாக எழுதினால்? பதிலுக்கு அவர் கடையைப் பற்றி எழுதக் கூடாது. கூகுளில் அந்தக் கருத்தைப் பற்றிப் புகார் செய்ய வழி இருக்கிறது. அதோடு, "தங்கள் பில்லைக் காட்டினால் உடனே சரிசெய்கிறோம்" என்று பணிவாக ஒரு வரி எழுதி வைத்தால் படிப்பவருக்கு உண்மை புரியும்.

கவனம் தேவை

வாட்ஸ்அப்பும் கூகுளும் நம்முடையவை அல்ல. அவை வாடகை இடம். நாளை கணக்கு முடங்கினால் வாடிக்கையாளர் எண்கள் அத்தனையும் கைவிட்டுப் போகும். எனவே பெயரும் எண்ணும் கடை நோட்டிலும் இருக்கட்டும். அந்த நோட்டை எவருக்கும் விற்கவோ இரவல் தரவோ கூடாது. நம்மை நம்பிக் கொடுத்த எண் அது.

பணம் அனுப்பியதாகக் காட்டப்படும் படத்தை நம்பிச் சரக்கு கொடுக்க வேண்டாம். நம் வங்கிக் கணக்கில் வந்ததைப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை அழுத்தத் தேவையில்லை என்பதைக் கடைப் பையன்களுக்கும் சொல்லி வைப்போம்.

சங்கம் ஆற்ற வேண்டிய பணி

காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பத்து மணிக்குக் கடை சாத்துகிறவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் மதியம் கூட்டம் ஓய்ந்த வேளையில் அரை மணி நேரம் போதும். வீட்டில் படித்த மகனோ மகளோ இருந்தால் அவர்களிடம் இந்தப் பொறுப்பைத் தரலாம். கடை வேலை வேண்டாம் என்று ஒதுங்கும் பிள்ளைகள் கடைக்குள் வர இது ஒரு வாசலாகவும் அமையும்.

தனி ஒருவரால் ஆகாததைச் சங்கம் செய்ய வேண்டும். கிளைதோறும் மாதம் ஒரு மாலை செயல்முறைப் பயிற்சி வைக்கலாம். ஒரே தெருவில் உள்ள கடைகள் சேர்ந்து பொதுவாக ஒரு வண்டியும் ஆளும் அமர்த்தி வீட்டுக்கு வீடு சாமான் கொண்டுபோய்க் கொடுக்கலாம். மத்திய அரசின் முயற்சியால் 2021 இறுதியில் உருவான ஓ.என்.டி.சி. என்னும் திறந்த வலையமைப்பின் சோதனை ஓட்டம் 2022-இல் ஐந்து நகரங்களில் தொடங்கியபோது அவற்றுள் நமது கோயம்புத்தூரும் ஒன்று. அதில் சேர்வதால் கமிஷன் போகக் கையில் நிற்பது எவ்வளவு என்பதைச் சங்கமே கணக்கிட்டு உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொய்க் கருத்து வாங்குவதில்லை, குறைக்கு ஒரு நாளுக்குள் பதில் சொல்வது என்னும் இரண்டு உறுதிகளை உறுப்பினர் அனைவரும் ஏற்க வேண்டும். மே 5 வணிகர் தினத்தில் கடைதோறும் இதை எழுதி மாட்டினால் அந்த நாளுக்கும் பெருமை சேரும்.

அடக்கவிலைக்குக் கீழே விற்பவர்களை எதிர்த்து அரசிடம் முறையிடுவோம், போராடுவோம். அந்தக் கோரிக்கைக்குப் பொதுமக்கள் துணை நிற்க வேண்டுமானால் அவர்கள் நம்மோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். தெருமுனைக் கடை மூடப்படும் நாளில் "ஐயோ, அந்தக் கடையா?" என்று கேட்க நாலு பேர் இருக்கும் கடைக்கே ஆதரவு திரளும். அந்த நாலு பேரை இன்றே சம்பாதிக்க வேண்டும்.

மகாத்மா காலத்திலும் சரி, செல்போன் காலத்திலும் சரி, வணிகனுக்கு முதல் என்பது நாணயம்தான். அதைப் பற்றி வாடிக்கையாளர் பேசட்டும். காது கொடுத்துக் கேட்போம், கனிவாகப் பதில் சொல்வோம். வணிகம் வளரட்டும்!